ஆயுத பூஜைக்கு நிறுத்திய பெட்டி

எங்கள் கம்பெனியில் பர்ச்சேஸ் என்று ஒரு துறை இருக்கிறது. பொருள் வாங்குவதற்காக வைத்த துறை. ஒன்றை வாங்காமல் இருப்பதற்கு அவர்கள் படும் பாட்டை, வாங்குவதற்குப் பட்டு நான் பார்த்ததில்லை. இதைச் சொல்லத் தொடங்கினாலே எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது. அதனால் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரகடத்தில் கார் கதவுப் பூட்டு செய்கிற தொழிற்சாலை அது. கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் பொறுப்பு. பிரிவு என்று சொன்னால் பெரிதாகத் தெரியும், நானும் இன்னொருவரும்தான். பிரின்டர் மக்கர் செய்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள், கேன்டீன் டிவியில் கிரிக்கெட் வராவிட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் ஏதாவது வேண்டும் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் காது கேட்காது.

சர்வர் ரூமில் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி இருந்தது. தொழிற்சாலையில் யார் எந்தக் கம்ப்யூட்டரில் எதைச் சேமித்தாலும், நெட்வொர்க் வழியாக அந்தப் பெட்டிக்குத்தான் வந்து சேரும். டிராயிங்குகள், சம்பளப் பட்டியல், இவற்றோடு கேமரா படங்கள். லைனின் கடைசி மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒவ்வொரு பூட்டையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைப்பாள். தலைக்கு மேலே இருக்கும் கேமரா அதைப் படம் எடுக்கும். பூட்டின் நம்பரோடு அந்தப் படம் பெட்டிக்குப் போய்விடும். பூட்டு நம் கையை விட்டுப் போகும்போது சரியாகத்தான் இருந்தது என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் படம்தான்.

பெட்டிக்குள் பன்னிரண்டு டிஸ்க். அதில் இரண்டு செத்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும். மூன்றாவதும் செத்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போச்சு. எங்கள் பெட்டி ஏழு வருடமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டிஸ்க் ஏற்கெனவே செத்து, அதன் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. மாற்று டிஸ்க் கேட்டால், அந்த மாடலையே நிறுத்தி நாளாகிவிட்டது என்று கையை விரித்தார்கள். தினமும் எடுக்கும் பேக்கப்பில் டிராயிங்குக்கும் சம்பளத்துக்கும்தான் இடம் இருந்தது. படங்களுக்கு இடம் இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் புதுப் பெட்டி கேட்டேன். இரண்டு வருடம் கேட்டேன். தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டேன்.

கடைசியில் ஒரு கமிட்டி போட்டார்கள். மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கச் சொன்னார்கள். முதலில் வந்தவர் டை கட்டிக்கொண்டு வந்து, மேகம், அம்புக்குறி என்று படம் படமாகக் காட்டினார். எங்கள் லைனில் எத்தனை கேமரா என்று அவர் கேட்கவே இல்லை. இரண்டாவது ஆள் இனிப்பு டப்பாவோடு வந்தார். அவர் கொண்டுவந்தது சின்ன ஆபீஸில் மேஜைக்கு அடியில் வைக்கிற பெட்டி. அதற்கு மூளை ஒன்றுதான். அது நின்றால் எல்லாம் நிற்கும். பழுதானால் பெங்களூரிலிருந்து ஆள் வர வேண்டும். மூன்றாவது ஆள் தாம்பரத்திலிருந்து டூவீலரில் வந்தார். வியர்த்துப்போய் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "ஒரு ஷிப்டுக்கு எத்தனை படம் எடுக்கிறீங்க? எத்தனை வருஷம் வெச்சிருக்கணும்? ஒரு நாள் பெட்டி நின்னா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். இரண்டு வருடத்தில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அவர் சொன்ன பெட்டியில் எல்லாமே இரண்டிரண்டு. ஒன்று நின்றால் இன்னொன்று அப்படியே எடுத்துக்கொள்ளும். மாற்று டிஸ்க்கை நம்மிடமே வைத்துவிட்டுப் போவார்களாம்.

மூன்றையும் ஒரே தாளில் போட்டு பர்ச்சேஸ் தலைவர் முன்னால் வைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விரலால் ஒரே ஒரு வரியைத் தடவினார்.

"மூணுலயும் கொள்ளளவு ஒண்ணுதானே மேடம்? அப்புறம் எதுக்கு இது மட்டும் இவ்ளோ அதிகம்?"

இரண்டு மூளை, மாற்று டிஸ்க், கூப்பிட்டால் நாலு மணி நேரத்தில் ஆள் என்று அடுக்கினேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, தன் மகன் ஆன்லைனில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினான், சோப்பு டப்பா சைஸ்தான் இருக்கும், அதில் எட்டு வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்ததே என்றார்.

"உங்க ஸ்கூட்டர் டயரைக் கழட்டி நம்ம கம்பெனி பஸ்ஸுக்கு மாட்டுவீங்களா சார்?" என்று கேட்டேன்.

கமிட்டியில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஆயுத பூஜை முடியட்டும், பாக்கலாம்" என்று கோப்பை மூடினார். என் வாய் எனக்கு எப்போதும் எதிரி. வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

அந்த வாரம்தான் புகார் வந்தது. எங்கள் பூட்டை வாங்கும் கார் கம்பெனியில், நாம் அனுப்பிய ஒரே அட்டைப்பெட்டியில் ஆறு பூட்டில் கறுப்பு கிளிப் இல்லையாம். விரல் நகம் அளவு கிளிப். அது இல்லாவிட்டால் கதவு தடதடக்கும். அந்த அட்டைப்பெட்டிப் பூட்டுகள் தயாரான ஷிப்டில் கடைசி மேஜையில் இருந்தவள் தென்காசிப் பக்கத்துப் பெண். டிரெய்னி. கூட்டு ரோட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேரோடு தங்கியிருந்தாள். இரண்டு வருடப் பயிற்சி முடிய ஒரு மாதம்தான் பாக்கி; பேரில் கரும்புள்ளி எதுவும் இல்லாவிட்டால் நிரந்தரம். நிரந்தரம் ஆகிவிட்டால் அப்பாவைக் கல் குவாரிக்குப் போக விடமாட்டேன் என்று கேன்டீனில் அவளே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அவள் நேராக என் அறைக்கு வந்தாள். அழவில்லை. கோபமாக இருந்தாள். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

"யக்கா, நான் பாக்காம ஒண்ணும் வைக்க மாட்டேன். லாரில ஏத்துறப்ப விழுந்துருக்கும், இல்ல அவுகளே களட்டிருப்பாக. படம் இருக்கும்லா? எடுத்துக் குடுங்க."

பூட்டின் நம்பர் இல்லாமல் படத்தை எடுக்க முடியாது. ஒரு நாளைக்கு அவ்வளவு படம் வருகிறது. திருப்பி அனுப்பிய ஆறு பூட்டும் லாரியில் வந்துகொண்டிருந்தன. குவாலிட்டி சூப்பர்வைசரிடம் கேட்டேன். "லீவு முடிஞ்சு வரட்டும் மேடம். நம்பர் கைக்கு வந்ததும் ஒரு மெயில் போடறேன், நீங்க எடுத்துக் குடுங்க. என்கொயரியே அதுக்கப்புறம்தான்" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

இனி ஆயுத பூஜை. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இந்தப் பூஜை நடக்கிற மாதிரி கோயிலில்கூட நடக்காது. ஃபோர்க்லிஃப்ட்டுக்கு மாலை, பிரஸ் மெஷினுக்கு வாழைக்கன்று, ஸ்பேனருக்கும் ஸ்குரூ டிரைவருக்கும் சந்தனம், கேட்டில் பூசணிக்காய். எனக்கும் பிடிக்கும். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் முதல் ஆள் நான்தான். பூஜைக்கு முன்னால் எல்லா மெஷினையும் நிறுத்திவிடுவார்கள். ஆயுதம் அன்றைக்கு ஓய்வெடுக்க வேண்டும். லீவு முடிந்து நல்ல நேரம் பார்த்துத்தான் மறுபடி ஓட்டுவார்கள். சர்வர் ரூமுக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் விலக்கு. கதவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த வருடம் அட்மின் ஆபீசர் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டார். மறைமலை நகரில் வேறொரு கம்பெனியிலிருந்து வந்தவர். மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் மண்டைக்குள் ஏறிவிட்டால் இறங்காது.

"மேடம், லைன் மொத்தமும் நின்னுகினு கீது. உங்க ரூம்ல மட்டும் ங்கொய்ன்னு ஓடிகினு இருந்தா பூஜைக்கு இன்னா அர்த்தம்? போன வருசம் இப்டி ஓட விட்டுதான் ரெண்டு ஆக்சிடென்ட், இப்போ கம்ப்ளெய்ன்ட் வேற. வருசத்துல ஒரு நாள் அதுக்கும் ரெஸ்ட் குடுங்க."

ஏழு வருடம் சுற்றிக்கொண்டே இருந்த டிஸ்க்கை நிறுத்தி ஆறவிட்டால், மறுபடி அது சுற்றத் தொடங்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. கம்ப்யூட்டர் வேலையில் கொஞ்சம் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொன்னேன். பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். அவர் பக்கத்தில் பர்ச்சேஸ் தலைவர் நின்றுகொண்டு பொரி மென்றுகொண்டிருந்தார். "எல்லாத்துக்கும் ஒரு முட்டுக்கட்டை போடுறதே வேலையாப் போச்சு உங்களுக்கு" என்றார். என் கோப்பு அவர் மேஜையில்தான் இருந்தது. லீவு முடிந்ததும் கையெழுத்து ஆக வேண்டும்.

இந்த இடத்தில் மழுப்ப எனக்கு இஷ்டம் இல்லை. நான் பணிந்துவிட்டேன். ஒரு நாள் ஓய்வுதானே, இதற்கும் சண்டை போட்டால் புதுப் பெட்டிக்கு இந்த மனுஷன் கையெழுத்துப் போடவே மாட்டான் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. வேறு யாராவது படாரென்று பிளக்கைப் பிடுங்கிவிடக் கூடாது என்று, நானே முறைப்படி ஒவ்வொன்றாக நிறுத்தினேன். அந்தப் பெண்ணின் படங்களை மட்டுமாவது முன்னால் எடுத்து வைக்கலாம் என்றால், பூட்டு நம்பர் இன்னும் வந்து சேரவில்லை. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. அட்மின் ஆபீசர் திருப்தியாகப் பெட்டியின் நெற்றியில் மூன்று விரல் சந்தனம் வைத்தார்.

லீவு முடிந்த காலை, நல்ல நேரத்தில், எலுமிச்சம்பழம் சுற்றிவிட்டுப் பெட்டியைப் போட்டேன். விளக்குகள் வரிசையாகப் பச்சைக்கு வந்தன. ஒன்பது பச்சை. ஏற்கெனவே செத்தது ஒன்று. மிச்சம் இரண்டும் டிக், டிக் என்று சத்தம் போட்டுவிட்டு மஞ்சளாக நின்றன. நிறுத்திப் போட்டேன், கழற்றி மாட்டினேன், தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். சத்தம்தான் வந்தது. டிராயிங்கும் சம்பளமும் பேக்கப்பில் பத்திரமாக இருந்தன. கேமரா படங்கள் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு மத்தியானம் குவாலிட்டி சூப்பர்வைசரிடமிருந்து மெயில் வந்தது. ஆறு பூட்டு, ஆறு நம்பர்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இரண்டு வருடமாக நகராத கோப்பு மூன்று மணி நேரத்தில் நகர்ந்தது. பிளான்ட் ஹெட் கூப்பிட்டு, "எது நல்லதுன்னு ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றார். தாம்பரத்துக்காரர் சொன்னது என்றேன். சரி என்றார். அவ்வளவுதான். ஒப்பீட்டுத் தாளும் இல்லை, கொள்ளளவு வரியில் விரல் தடவுவதும் இல்லை. பர்ச்சேஸ் தலைவர் ஓடி ஓடி ஆர்டர் போட்டார். "நான் அப்பவே சொன்னேன், நல்ல பொருளா வாங்கணும்னு" என்று அவர் யாரிடமோ போனில் பேசியதை என் இரண்டு காதாலும் கேட்டேன். செத்த மூன்று டிஸ்க்கையும் சென்னையில் இருக்கும் ஒரு கடைக்கு அனுப்பினால் உள்ளே இருப்பதை மீட்க வாய்ப்பு இருக்கிறது என்று தாம்பரத்துக்காரர் சொன்னார். அதையும் எழுதிக் கேட்டேன். "போன பூட்டோட போட்டோவுக்கா இவ்ளோ செலவு? புதுசுதான் வருதே" என்று பதில் வந்தது. அந்தப் பெண்ணின் இரண்டு வருட உழைப்பு இவர்களுக்குப் போன பூட்டின் போட்டோ.

என்கொயரி நடந்தது. ஹெச்.ஆர். தலைவர், பர்ச்சேஸ் தலைவர், குவாலிட்டி சூப்பர்வைசர் மூவரும் ஒரு பக்கம். அவள் ஒரு பக்கம். என்னைச் சாட்சியாகக் கூப்பிடவில்லை. நானாகப் போய்க் கதவைத் தட்டி உட்கார்ந்தேன்.

"உங்க தரப்புல ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?" என்று ஹெச்.ஆர். தலைவர் அவளைக் கேட்டார்.

"கேமரா படம் இருக்கும் சார்."

"அது கிடைக்கல. வேற?"

வேறு என்ன இருக்கும்? கேமரா கம்பெனியுடையது. பெட்டி கம்பெனியுடையது. நிறுத்தச் சொன்னது கம்பெனி, மீட்க மாட்டேன் என்றது கம்பெனி. இத்தனையையும் செய்துவிட்டு, உன்னிடம் ஆதாரம் இருக்கிறதா என்று ஒரு டிரெய்னிப் பெண்ணைக் கேட்க எப்படி வாய் வருகிறது? இதைத்தான் அப்படியே அங்கே கேட்டேன். இரண்டு வருடமாக நான் போட்ட மெயில்களை அடுக்கி மேஜையில் வைத்தேன். படம் தொலைந்தது நம் தப்பு, அதற்கான சந்தேகத்தின் பலன் அவளுக்குத்தான் போக வேண்டும் என்றேன். மூன்று பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். காபி கொடுத்தார்கள். அறிக்கையில், தொழில்நுட்பக் காரணங்களால் படங்கள் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதினார்கள். தொழில்நுட்பக் காரணமாம். அந்தக் காரணம் சந்தனம் பூசியதை நான் பார்த்திருக்கிறேன், பொரி தின்றதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் காரணத்துக்காக ஸ்விட்சை அணைத்தது என் கைதான்.

தப்பு யாருடையது என்று கார் கம்பெனிக்கு ஒரு பேர் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. அவள் பேரை எழுதி அனுப்பினார்கள். பயிற்சி முடிந்தது, நிரந்தரம் இல்லை.

வேலையை விட்டுப் போகிறவர்கள் ஒவ்வொரு துறையிலும் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். கம்பெனிப் பொருள் எதுவும் கையில் இல்லை என்பதற்கு. அவள் கடைசியாக என் அறைக்கு வந்தாள். புதுப் பெட்டி அன்றைக்குத்தான் வந்திறங்கியிருந்தது. அட்டையும் தெர்மாகோலும் அறை முழுக்கக் கிடந்தன. ஒரு நாற்காலியை ஒழித்து உட்காரச் சொன்னேன். பேனாவைக் கையில் எடுத்தேனே ஒழிய கையெழுத்துப் போட வரவில்லை. ஹெச்.ஆரிடம் மறுபடி போகலாம், நான் வருகிறேன், அறிக்கையில் அந்தத் தொழில்நுட்பக் காரணம் என்ற வரியை மாற்றாமல் இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

"வேண்டாம்க்கா. நாலு மணிக்கு மறைமலை நகர்ல இன்டர்வியூ இருக்கு."

அவளிடம் ஒன்றை மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. பெட்டியை நிறுத்தியது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும்க்கா. எல்லாரும் சொன்னாக. நீங்க வேணும்னா செஞ்சிய?" என்றாள். அவ்வளவு சாதாரணமாக. என்கொயரியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்து ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

பிறகு, "ஒண்ணு கேக்கட்டாக்கா? அந்தப் படம் இருந்திருந்தா, அதுல கிளிப்பு இருந்திருக்கும்லா?" என்றாள்.

"கண்டிப்பா இருந்திருக்கும்."

"நீங்க பாத்தியளா?"

நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். இல்லை என்று தலையாட்டினேன்.

அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொதல்ல எனக்கு நல்லாத் தெரிஞ்சுதுக்கா, நான் பாத்துதான் வச்சேன்னு. இவுக கேட்டுக் கேட்டு, இப்ப நாந்தான் விட்டுட்டனோன்னு கெடக்கு. அந்த மறைமலை நகர் கம்பெனில பேக்கிங் வேலைதான் கேட்டிருக்கேன். கண்ணால பாத்துச் சொல்லுத வேலை எனக்கு வேண்டாம்னுட்டேன்."

முதல் நாள் என் அறைக்கு வந்த அந்தக் கோபம் எங்கே போனது என்று தேடினேன். அதையும் நாங்கள் நிறுத்திவிட்டிருந்தோம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படிவத்தை வாங்கி, என் பேர், தேதி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள். அப்புறம் அதை என்னிடமே நீட்டி, "நீங்களும் ஒரு தடவ சரி பாத்துருங்கக்கா" என்றாள்.